பயன் என்ற சொல்

மாத்தளைக்கு அண்மையில், ரத்தோட்டைப் பக்கமாக உள்ள தோட்டப் பாடசாலை ஒன்றில் தமிழ் கற்பிக்கும் நண்பர் ஒருவர், திருத்துவதற்காக வீட்டுக்குக் கொண்டு வந்திருந்த அப்பியாசக் கொப்பிகளில் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். கட்டுரைப் பயிற்சி. ‘பசுவின் பயன்கள்’, ‘தென்னையின் பயன்கள்’ என்று நாமெல்லாம் சிறு வயதில் எழுதிய அதே கட்டுரைதான். இம்முறை அவர் தலைப்பைக் குறிப்பிட்டுக் கொடுக்காமல், ‘உனக்கு விருப்பமான ஒன்றன் பயன்களை எழுதுக’ என்று சொல்லியிருந்தார். பிள்ளைகளிற் பெரும்பாலோர் பசுவையும் தென்னையையுமே மீண்டும் எழுதியிருந்தனர். ஒரு சிறுமி மட்டும் ‘அம்மாவின் பயன்கள்’ என்று தலைப்பிட்டிருந்தாள்.

அம்மா விடிய முன்னரே எழும்புவார், ரொட்டி சுடுவார், தம்பியைப் பிள்ளைக்காம்பராவில் விடுவார், கொழுந்து எடுப்பார், விறகு கொண்டு வருவார், ஆகையால் அம்மா நமக்கு மிகவும் பயன் உள்ளவர். பசுவைப் பற்றிய கட்டுரையின் அச்சு மாறாமல் இவ்வாறு வரிசையாக எழுதிச் சென்று, கடைசியில் ‘நேற்று அம்மாவுக்கு அரைப்பேர் போட்டார்கள்’ என்று முடித்திருந்தாள். நண்பர் தலைப்பைச் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு வட்டம் இட்டிருந்தார். ‘அம்மா ஒரு பண்டம் அல்லவே, இதை எப்படித் திருத்துவது, எத்தனை புள்ளி போடுவது?’ என்பது அவர் கேள்வி.

நானும் முதலிற் சிரித்தேன். பின்னர் யோசித்துப் பார்க்கையில், அந்தச் சிறுமி அறியாமலே சொல்லின் வேருக்குப் போயிருக்கிறாள் என்பதும், நாம்தான் அந்த வேரை மறந்துவிட்டோம் என்பதும் புலனாயின. நண்பரின் கேள்விக்கு அன்று விடை கூற முடியவில்லை. இக்கட்டுரை அந்த விடையைத் தேடி எழுதப்படுவது.

பயன் என்பது பெயர்ச்சொல். அதன் வினை பயத்தல். இன்று அந்த வினை ‘நன்மை பயக்கும்’, ‘தீமை பயக்கும்’ என்ற இரண்டு தொடர்களில் மட்டும் உயிர் பிழைத்திருக்கிறது. மேடைப் பேச்சாளர்கள் இல்லாவிட்டால் அவையும் மறைந்திருக்கும். பழந்தமிழில் அதன் ஆட்சி மிக அகன்றது. நிலம் பயக்கும், மரம் பயக்கும், மழை பயக்கும், தாய் பயப்பாள். பயந்தாள் என்றால் ஈன்றாள். பயந்தோர் என்றால் பெற்றோர். விளைதலுக்கும் காய்த்தலுக்கும் ஈனுதலுக்கும் ஒரே வினை. அவ்வினையிலிருந்து பிறந்தவையே பயன், பயம் என்ற இரு பெயர்களும். அகராதியைப் புரட்டினால் பயன் என்பதற்குக் கனி, பால், நீர், சொல்லின் பொருள் என்றெல்லாம் கருத்து வரும். ‘பயம்’ என்பதும் அவ்வாறே விளைவையும் பாலையும் நீரையும் குறித்து நின்றது. வடமொழியிலிருந்து வந்த, அச்சத்தைக் குறிக்கும் பயம் இந்தப் பழைய பயத்தை முற்றாக விழுங்கிவிட்டது. இன்று ஒரு மாணவனிடம் பயம் என்றால் என்ன என்று கேட்டால் விளைச்சல் என்று சொல்ல மாட்டான்.

இங்கே ஒரு தடையை நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். வடமொழியிலும் ‘பயஸ்’ என்றொரு சொல் உண்டு. அதற்கும் பால், நீர் என்பனவே பொருள். நாம் உண்ணும் பாயசம் அங்கிருந்து வந்ததுதான். ஆகவே பால் என்ற பொருளில் வரும் பயம், வடமொழி வழி வந்ததா, தமிழ் வழி வந்ததா, இரண்டும் கலந்ததா என்று வாதிட இடமுண்டு. ஆனால் பயந்தாள், பயக்கும் என்று காலமும் இடமும் காட்டித் திரியும் வினை தமிழின் சொந்த வினை. கன்னடத்திலும் பகரம் ஹகரமாக மாறி, ஹைனு என்று பால்வளத்தைக் குறிக்கும் சொல்லாக அது வழங்குகிறது. கறவைத் தொழிலுக்கு அங்கே ஹைனுகாரிகெ என்று பெயர். பயிர், பயில் முதலியவற்றையும் இதே குடும்பத்திற் சேர்க்கும் ஆசை நமது சொல்லாராய்ச்சியாளர் சிலருக்கு உண்டு. ஓசை ஒத்தால் உறவு என்று கொள்ளும் அந்த வழியில் நான் வரவில்லை.

நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. பயத்தல் என்ற வினைக்கு எழுவாய் யார்? எப்போதும் கொடுப்பவரே. நிலம் உழவனுக்குப் பயந்தது. மாடு கன்றுக்குப் பயந்தது. பெறுபவர் நான்காம் வேற்றுமையில், ஓர் ஓரத்தில், கைகட்டி நிற்கிறார். இலக்கண ஆசிரியர்கள் இதைச் சற்று ஊன்றிப் பார்க்க வேண்டுகிறேன். இப்போது நாம் அன்றாடம் எழுதும் ‘பயன்படுத்து’ என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘உழவன் நிலத்தைப் பயன்படுத்தினான்.’ பெற்றவன் எழுவாய் ஆகிவிட்டான். கொடுத்த நிலம் செயப்படுபொருள் ஆகிவிட்டது. அதே சொல், அதே வேர்; வாக்கியத்தில் இருக்கைகள் மட்டும் மாறிவிட்டன. படு என்ற துணைவினை உண்டாதலையும் குறிக்கும், துன்புறுதலையும் குறிக்கும் என்பது இந்த இடத்தில் நினைக்கத்தக்கது.

தொல்காப்பியர் உவமைக்கு நான்கு அடிப்படைகள் கூறுகிறார்: வினை, பயன், மெய், உரு. மழையைப் போன்ற கொடையாளி என்று சொன்னால் அது பயன் பற்றிய உவமை. அங்கும் பயன் மழையினுடையது, நனைபவனுடையது அன்று. வள்ளுவர், ஒப்புரவு உடையவனிடம் சேர்ந்த செல்வத்தை ஊருக்குள் பழுத்து நிற்கும் பயன்மரத்தோடு ஒப்பிடுகிறார். பயன்மரம் என்ற அச்சொல்லை உரையாசிரியர் வழி நின்று ‘பயன்படும் மரம்’ என்று நாம் வகுப்பிற் சொல்லிக் கடந்துவிடுகிறோம். ‘பயக்கும் மரம்’ என்று சொல்லிப் பாருங்கள். மரத்தின் மேல் நமது பார்வையே மாறும். இலக்கணத்தில் வரும் பயனிலை என்ற சொல்லும் இவ்வழிப்பட்டதே. எழுவாய் தோன்றும் இடம் என்றால், பயனிலை அது கொண்ட கருத்து வந்து நிலைபெறும் இடம். ஒரு பெயரைச் சொல்லி நிறுத்திவிட்டால் அது வாக்கியம் ஆகாது. ‘கந்தன்’ என்று மட்டும் எழுதினால் கந்தன் என்ன ஆனான் என்று கேட்போம். இந்த எடுத்துக்காட்டை நினைவில் வைத்திருங்கள். செக்ரோலைப் பற்றிப் பேசும்போது இது நமக்கு வேண்டியிருக்கும்.

நிற்க. இலங்கைத் தமிழர் நாளாந்தப் பேச்சில் பயன் என்ற சொல்லை அவ்வளவாக ஆள்வதில்லை. யாழ்ப்பாணத்திலும் சரி, மாத்தளைக் கடைத்தெருவிலும் சரி, ‘ஒரு பிரயோசனமும் இல்லை’ என்பதே வழக்கு. பிரயோசனம் வடமொழி. அதன் வேர் யுஜ் என்பது. பூட்டு, பிணை என்று பொருள். யோகம் அதிலிருந்து வந்தது. மாட்டின் கழுத்தில் ஏறும் நுகத்தடிக்கு வடமொழியில் யுகம் என்று பெயர். அதுவும் அதே வேர். நுகத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகிய யோக் என்பதும் தூரத்து உறவு. ஒருவனை அல்லது ஒன்றை ஒரு காரியத்திற் பூட்டுவது எதுவோ அது பிரயோசனம். நியாய சாத்திரம் தான் ஆராயும் பதினாறு பொருள்களில் ஒன்றாக அதை வைத்தது, நோக்கம் என்ற உயர்ந்த கருத்தில். ஆயினும் வேரில் நுகத்தடி கிடக்கிறது.

சிங்களத்திலும் அதே பிரயோஜன. மாத்தளையில் மிளகு விற்க வரும் சிங்களக் கிராமத்தவரும், அதை நிறுத்து வாங்கும் தமிழ் வியாபாரியும், மூட்டை சுமக்கும் தோட்டத்துத் தமிழரும் இந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளரைத் தேட வேண்டியதில்லை. சிங்களத்தில் இன்னும் இரண்டு வழக்குகள் உண்டு. ‘பலக் நே’ என்பார்கள். பலன் இல்லை, அதாவது பழம் இல்லை. நமது பலனும் அதே வடமொழிப் பழத்திலிருந்து வந்ததுதான். ‘வெடக் நே’ என்றும் சொல்வார்கள்; வெட என்றால் வேலை. வேலை இல்லை என்றாற் பயன் இல்லை என்று பொருளாகிவிட்டது. நம்மவரும் ‘இது வேலைக்காகாது’ என்கிறார்கள் அல்லவா? கனி, நுகம், வேலை: இரு மொழி பேசுவோரும் பயனைப் பற்றிச் சிந்தித்த விதம் ஒன்றாகவே இருந்திருக்கிறது. இரு சாராரையும் பிரித்துப் பேசியே வயிறு வளர்ப்போர் இதைக் கவனிப்பதில்லை.

வேர்ச்சொல்லை வைத்து வரலாற்றை நிறுவ முயல்வது அபாயமான விளையாட்டு என்பதை அறிவேன். பிரயோசனம் என்று சொல்லும் எவருக்கும் நுகத்தடி ஞாபகம் வருவதில்லை. சொல்லின் பொருளை மாற்றுவது சொல்லின் வேர் அன்று. நிலமும் கூலியும் சட்டமும் மாற்றுகின்றன. மாத்தளையில் அது நடந்த விதத்தை ஆண்டு சொல்லிக் காட்டலாம்.

1840-இல் ஆங்கிலத் துரைத்தனம் 12-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை இயற்றியது. முடிக்குரிய காணிகளில் அத்துமீறுவதைத் தடுப்பது அதன் பெயரளவான நோக்கம். காடாகவோ, பாழாகவோ, குடியிருப்பற்றோ, பயிர் செய்யப்படாமலோ கிடக்கும் நிலமெல்லாம், மறுதலையாக நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியது என்று கொள்ளப்படும் என அது கூறியது. கண்டிச் சீமைக் கிராமத்தவனுக்கு வயல் மட்டுமே நிலம் அன்று. வயலுக்கு மேலே தோட்டம், அதற்கு மேலே சேனை, அதற்கும் மேலே காடு. சேனையை ஓராண்டு வெட்டி எரித்துக் குரக்கன் விதைப்பான். பிறகு பல ஆண்டுகள் ஆறவிடுவான். ஆறிக் கிடக்கும் நிலம் அவன் கணக்கிற் பயந்துகொண்டிருக்கும் நிலம். கருவுற்றவள் உழைக்கவில்லை என்று யாராவது சொல்வார்களா? துரைமாரின் கணக்கில் அது பாழ். அன்றைக்குச் சந்தையில் விலைபோகும் பண்டத்தைத் தராத நிலம் பயனற்ற நிலம் என்ற கருத்து, ஒரு சொல்லின் வடிவிற் சட்டத்துக்குள் நுழைந்தது. காணிக்கு உறுதி எழுதி வைத்திராத கிராமத்தவன் மறுதலையாக எதைக் கொண்டு நிரூபிப்பான்? ஏக்கர் 5 சிலிங் விலைக்குக் காடுகள் கோப்பித் தோட்டங்களாயின. வாங்கியோரில் அரசாங்க உத்தியோகத்தரும் இருந்தனர்.

இதன் மேல் டொரிங்டன் பிரபுவின் வரிகள் வந்தன. துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி. 18 முதல் 55 வயது வரையுள்ள ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்ய வேண்டும், அல்லது 3 சிலிங் கட்ட வேண்டும். 1848 ஜூலை இறுதியில் மாத்தளை எழுந்தது. தம்புள்ளையிற் கொங்காலேகொட பண்டா முடிசூடிக்கொண்டான். வீர புரன் அப்புவின் தலைமையில் மக்கள் மாத்தளையில் அரசாங்கக் கட்டடங்களைத் தாக்கி வரிக் குறிப்பேடுகளை அழித்தனர். ஆகஸ்ட் 8-ஆம் நாள் புரன் அப்பு கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டான். பண்டா கசையடி பட்டு மலாக்காவுக்கு நாடு கடத்தப்பட்டான். அவர்கள் தாக்கியது ஏட்டை என்பது எனக்கு முக்கியமாகப்படுகிறது. எது பயன், எது பாழ், எவன் எத்தனை நாள் உழைப்பான் என்று எழுதி வைத்தது அந்த ஏடுதான்.

நிலம் கிடைத்தது, உழைக்க ஆள் வேண்டும். தன் நிலத்தைப் பறித்த தோட்டத்தில் நிரந்தரக் கூலியாகக் குனிய கிராமத்தவன் விரும்பவில்லை. துரைமார் எழுதிய நூல்கள் இதைச் சோம்பல் என்று வருணிக்கும். பயனற்ற நிலத்துக்கு ஏற்ற பயனற்ற மனிதன்! ஆகவே தென்னிந்தியாவில், வறட்சியாலும் கடனாலும் சாதிக் கொடுமையாலும் நைந்த சிற்றூர்களிலிருந்து ஆட்கள் திரட்டப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டைக் கடந்து, தம்புள்ளை, நாலந்தா வழியாக அவர்கள் நடந்து வந்து சேர்ந்த முதல் மலைநாட்டுப் பட்டினம் மாத்தளை. புகைவண்டி மாத்தளையை எட்டியது 1880-இல்தான். அதற்கு முன் வந்தவர்கள் கால்நடையாகவே வந்தனர். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியில் வீழ்ந்தோர் பலர். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலை இந்த நடைப்பயணத்தோடு சேர்த்தே மக்கள் நினைவு கொள்கின்றனர். நோய்க்குரிய தெய்வத்துக்கு வழி முடியும் இடத்தில் கோயில் எழுந்ததில் வியப்பில்லை.

இப்படி வந்த மனிதனுக்குத் துரை இட்ட பெயர் ‘கூலி’. தமிழிற் கூலி என்பது செய்த வேலைக்குக் கொடுக்கும் ஊதியம். ஆங்கிலேயர் வாயில் ஊதியத்தின் பெயரே ஆளின் பெயராயிற்று. அச்சொல் எங்கிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது என்பதில் அறிஞரிடையே வேறு கருத்துகளும் உண்டு. ஆனால் இலங்கைத் தோட்டத்தில் அதைக் கேட்ட தமிழனுக்கு, தன்னைக் கூப்பிடுவதாகவா, தன் சம்பளத்தைக் கூப்பிடுவதாகவா பட்டிருக்கும்?

இதைவிடக் கூர்மையான சொல் ஒன்று தோட்டத்தில் உண்டு. அதுதான் அந்தச் சிறுமி எழுதிய சொல். தோட்டத்து வருகைப் பதிவேட்டுக்குச் செக்ரோல் என்று பெயர். காலையிற் பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுத்து, மாலையிற் கொழுந்தை நிறுத்து, ஒரு நாள் வேலை முழுமையாக நிறைவேறியதென்று பதிந்தால் அது ஒரு ‘பேர்’. முன்னர் இத்தனை றாத்தல் என்றும், இப்போது இத்தனை கிலோ என்றும் நிர்ணயித்த நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’. நாட்சம்பளத்திற் பாதி வெட்டு. தோட்டத்தார் இதை ஓர் அலங்காரச் சொல்லாகச் சொல்வதில்லை. பச்சையாக, அன்றாடக் கணக்காகச் சொல்கிறார்கள். ‘இந்த மாதம் எனக்கு 18 பேர்’ என்பார்கள். பெயர் ஒருவனுக்கு ஒன்று என்பது மற்றவர் வாழ்க்கை. இங்கே அது நாள்தோறும் புதிதாகச் சம்பாதிக்கப்பட வேண்டியது. மழை பெய்தாலோ, கொழுந்து குறைந்தாலோ, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பிந்தி வந்தாலோ பெயர் பாதியாகும். எழுவாய்க்குப் பயனிலை கிலோவில் எழுதப்படுகிறது. கிலோ குறைந்தால் எழுவாயே குறைகிறது. இப்படிப்பட்ட இலக்கணத்தை நமது நன்னூலார் கண்டதில்லை.

இந்தக் கணக்கு வெள்ளைக்காரனோடு கப்பலேறிப் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். 1972-இலும் 1975-இலும் வந்த காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1990-களில் முகாமை மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. செக்ரோல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. நெடுங்காலப் போராட்டத்தின் பின் 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. உடனே பல தோட்டங்களில் நிர்ணய நிறை கூட்டப்பட்டது என்றும், எட்ட முடியாதவர்க்கு அரைப்பேரே விழுகிறது என்றும் தொழிலாளர் முறையிட்டனர். சம்பளத்தைக் கூட்டினால் பெயரைக் குறைக்கலாம் என்ற சூத்திரத்தை எவன் கண்டுபிடித்தானோ அவன் பெரிய கணித மேதை.

இனிப் பயந்தோருக்கு வருவோம். மலைநாட்டு மக்களின் உழைப்பினாற் கோப்பி விளைந்தது. 1869-இல் தலைகாட்டிய இலைநோயாற் கோப்பி அழிந்தபின் தேயிலை விளைந்தது. மாத்தளைப் பகுதியில் இறப்பரும் கொக்கோவும் மிளகும் ஏலமும் விளைந்தன. இலங்கையின் அந்நியச் செலாவணி பெரும்பாலும் அந்தக் கொழுந்துக் கூடையிலிருந்தே வந்த காலம் ஒன்று உண்டு. சுதந்திர இலங்கை 1948-இல் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியபோது இவர்களிடம் கேட்டது என்ன? உன் தந்தை இந்நாட்டிற் பிறந்தவனா? நீயே இங்கு பிறந்தவனாயின், தந்தை வெளியே பிறந்திருந்தால், பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தார்களா? அதற்குச் சான்று எங்கே? நடந்து வந்த பாட்டனுக்கும், லயத்துக் காம்பராவிற் பிறந்த தந்தைக்கும் பிறப்புப் பதிவு வேண்டுமாம்! பயந்ததற்குச் சான்று மலைமலையாக நின்றது, அது செல்லவில்லை. பயந்தோருக்குச் சான்று கேட்டார்கள். ஒரே வினையின் இரு கிளைகளுக்கு நடுவே ஒரு மக்கட் கூட்டம் முழுவதும் நாடற்றதாயிற்று.

1840-இல் சேனைக் கிராமத்தவனிடம் கேட்ட கேள்வியும் இதுதான். உறுதி எங்கே? நிலத்துக்கு உறுதியில்லாதவன் சிங்களவன். பிறப்புக்கு உறுதியில்லாதவன் தமிழன். முதற் கேள்வியை வெள்ளைத் துரை கேட்டான். இரண்டாவதைக் கேட்டவர்கள் முதற் கேள்வியால் வஞ்சிக்கப்பட்ட மக்களின் பெயராற் பேசியவர்கள். அன்றே இதை எதிர்த்து நின்ற இடதுசாரிகளைப் பாராளுமன்றப் பதிவுகள் மறக்கவில்லை. அவர்களுட் சிலர் பிற்காலத்தில் எங்கே போய் நின்றார்கள் என்பதும் நமக்குத் தெரியும். அது நம் வீட்டுக் கணக்கு, மறைக்க வேண்டியதில்லை.

1964 அக்டோபர் 30-இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேர். இதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974-இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். அரைப்பேர் போடும் வழக்கம் தோட்டத்திலிருந்து கொழும்புக்கும் டில்லிக்கும் சென்றது போலும். எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இல்தான் வந்தது.

அதன் பிறகு வந்ததே ‘பயனாளி’ என்ற சொல். இன்று மாத்தளை மாவட்டத்தில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் இச்சொல்லைக் கேட்கலாம். வீடமைப்புத் திட்டம், கழிவறைத் திட்டம், கோழி வளர்ப்புத் திட்டம் எல்லாவற்றுக்கும் பயனாளிகள் தெரிவு, பயனாளிகள் பட்டியல், பயனாளிகள் கூட்டம். ஏழு பேர்ச் காணியும் ஒரு வீடும் பெறுபவர் பயனாளி. இந்திய உதவியில் மலையகத்துக்கு 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் இன்னும் 10,000 அறிவிக்கப்பட்டது. வீடு வேண்டும், வீட்டைக் குறை கூற நான் வரவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் நான்கு தலைமுறை வாழ்ந்தவர்க்கு அது எவ்வளவு பெரிது என்பதைக் கொழும்பிலிருந்து எழுதுவோர் அறியமாட்டார்கள். சொல்லைப் பற்றித்தான் என் வழக்கு.

ஆளி என்ற ஈறு ஆள்பவனைக் குறிக்கும். முதலை ஆள்பவன் முதலாளி. தொழிலை உடையவன் தொழிலாளி. அவ்வாறாயின், பயனை ஆள்பவன் பயனாளி. நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாக இம்மலைகளின் பயனை ஆண்டவர் யார்? இலண்டனிலும் கொழும்பிலும் பங்கு வைத்திருந்தோர் அல்லவா? இலக்கண சுத்தமாகப் பேசினால், பயனாளிகள் பட்டியலில் அவர்கள் பெயரே முதலில் வர வேண்டும். கொடுத்தவளை வாங்குபவள் என்று சொல்லிப் பட்டியலிட்டு, வாங்கியவனைக் கொடையாளி என்று சொல்லிப் பலகை நாட்டுகிறார்கள். பயத்தல் என்ற வினைக்கு எழுவாயாக இருந்தவளைப் பயன்படுத்துதலுக்குச் செயப்படுபொருளாக்கி, இப்போது நான்காம் வேற்றுமைக்கும் தள்ளியாயிற்று. இனித் தள்ள எந்த வேற்றுமை மிச்சம்?

இவ்வளவும் ஏட்டையும் சட்டத்தையும் பற்றியது. இலக்கிய விமர்சனம் எழுதும் நாமோ வேறு உலகத்தில் இருக்கிறோமா? ‘இந்தக் கதையின் சமூகப் பயன் என்ன?’ என்பது நம் முகாமின் முதற் கேள்வி. கலை கலைக்காகவே என்று சொல்லி மக்களை வாயிலுக்கு வெளியே நிறுத்தியவர்களுக்கு எதிராக அக்கேள்வியை எழுப்பினோம், எழுப்பியது சரியே. 1960-களின் தொடக்கத்தில், மக்கள் பேச்சை இழிசனர் வழக்கு என்று பண்டிதர்கள் இகழ்ந்தபோது, முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தவர் நின்று வாதாடியிராவிட்டால் மலைநாட்டுப் பேச்சு அச்சேறியிருக்குமா என்பது ஐயம். ஆனால் நாளடைவில் அந்தக் கேள்வி செக்ரோல் கணக்காகிவிட்டது. கதையில் வேலைநிறுத்தம் உண்டா? ஒரு பேர். தொழிற்சங்கத் தலைவன் துரோகம் காட்டப்படுகிறதா? ஒரு பேர். லயத்துப் பெண் ஒருத்தி பக்கத்துக் காம்பராவில் கடன் வாங்கிய கருப்பட்டியைப் பற்றி மட்டும் கதை பேசுகிறதா? அரைப்பேர். விமர்சகன் மட்டக்கம்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் துளிரெல்லாம் முறிக்கப்படுகிறது.

சி. வி. வேலுப்பிள்ளையை எண்ணிப் பாருங்கள். தொழிற்சங்கவாதி, 1947 பாராளுமன்றத்தில் தலவாக்கலையின் உறுப்பினர். அவர் ஆங்கிலத்தில் எழுதி, சக்தி அ. பாலையா தமிழாக்கிய தேயிலைத் தோட்ட நெடுங்கவிதையில், கொழுந்துத் தூரின் அடியில் நடுகல்லும் மலர்வளையமுமின்றி மண்ணானவர்களைப் பற்றிப் பேசுகிறார். சங்கக் கூட்டத்தில் வாசிக்கக்கூடிய தீர்மானம் எதுவும் அதில் இல்லை. அதே மனிதர் ஊர் ஊராகச் சென்று மலைநாட்டு மக்கள் பாடல்களைத் திரட்டினார்: தாலாட்டு, ஒப்பாரி, கங்காணியைக் கேலி செய்யும் பாட்டு, காதற்பாட்டு. தொழிற்சங்க வேலை தலைக்கு மேல் இருக்கையில் இதற்குச் செலவிட்ட நேரத்தின் பயன் என்ன என்று அக்காலத்தில் யாரேனும் கேட்டிருந்தால், மட்டக்கம்பின் கணக்கில் விடை சொல்வது கடினமே. இன்று அந்த மக்களுக்கு இந்நாட்டில் ஒரு வரலாறு உண்டு என்று வாதிடப் புகும் எந்த மாணவனும் அப்பாடல்களிலிருந்துதான் தொடங்குகிறான். பிறப்புப் பதிவு இல்லாத பாட்டிக்கு அவள் பாடிய தாலாட்டே பதிவு. பயந்தோருக்குச் சான்று கேட்டார்களே, இதோ சான்று.

மாத்தளை எழுத்தாளர்களிடம் ஒரு வழக்கத்தைக் காணலாம். மாத்தளை சோமு, மாத்தளை கார்த்திகேசு, மாத்தளை வடிவேலன் என்று ஊர்ப்பெயரைத் தம் பெயருக்கு முன் நிறுத்தினார்கள். ஈழத்தில் வேறு ஊரவரும் இவ்வாறு செய்ததுண்டு. ஆயினும் ஒரு சமூகம் முழுவதையும் ‘உன் ஊர் எது?’ என்று கேட்டு அலைக்கழித்த ஆண்டுகளில், மலைநாட்டு எழுத்தாளன் ஒருவன் தன் ஊரைத் தன் பெயருக்கு முன்னாலேயே அச்சிட்டுக் கொடுப்பதை வெறும் புனைபெயர் மோகமாகத் தள்ளிவிட நான் தயாரில்லை. இத்தகைய செய்திக்கு நமது விமர்சனத்தில் எத்தனை பேர் விழும்?

பயன் வேண்டாம் என்று நான் கூறவில்லை. பயனைப் பெறுபவன் பக்கத்திலிருந்து அளப்பதா, பயப்பவன் பக்கத்திலிருந்து காண்பதா என்பதே கேள்வி. ஒரு கதை நமக்கு என்ன தந்தது என்று கேட்கும்போது, நாம் கூடையை நிறுப்பவர்களாக நிற்கிறோம். அந்தக் கதை எந்த மண்ணிலிருந்து, யாருடைய வயிற்றிலிருந்து, என்ன நோவோடு பிறந்தது என்று கேட்டால் கூடை தூக்கி வந்தவளின் பக்கம் நிற்போம். முன்னைய கேள்வி எளிது. ஒரு பந்தியில் விடை எழுதிவிடலாம். பின்னையதற்குத் தோட்டத்துப் பேச்சும், கொழுந்தின் பருவமும், சேனை ஆறும் காலமும் தெரிந்திருக்க வேண்டும். நம்மில் எத்தனை விமர்சகர்களுக்குக் கவ்வாத்து எந்த மாதத்தில் வெட்டப்படுகிறது என்பது தெரியும்? எனக்கே நண்பரைக் கேட்டுத்தான் தெரியவந்தது.

அந்த நண்பருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. தலைப்பிற் பிழை இல்லை, ஐயா. அம்மா பயந்தாள், ஆகவே அம்மாவின் பயன்கள் என்று எழுதுவது, பசுவின் பயன்கள் என்று எழுதுவதைக் காட்டிலும் பழைய தமிழ். சிவப்பு மை அழியாது என்றால் வட்டத்தின் பக்கத்தில் ‘சரி’ என்று ஒரு சொல் எழுதிவிடலாம். முழுப் புள்ளியும் போட வேண்டும். கடைசி வாக்கியத்தில் ‘போட்டார்கள்’ என்று இருக்கிறதே, எழுவாய் இல்லையே, யார் போட்டார்கள் என்று மட்டும் அடுத்த வகுப்பில் அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள்.